இரண்டு சொட்டுப் பூண்டெண்ணெய்

நேற்றுக் காலை நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோவுக்கு நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய், அதில் நசுக்கிய பூண்டு, கீழே தீ, கொஞ்சம் சலசலப்பு, அப்புறம் ஒரு குழந்தையின் காதில் இரண்டு சொட்டு. "சளி, இருமல், காதுவலி மூன்றும் ஓடிப்போகும். நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்று கீழே எழுதியிருந்தது. அனுப்பியவர் அரிசி மண்டி வைத்திருந்த நம் தோழர். உடனே கும்பிடு போடும் கைகள் வரிசையாக வந்தன. எங்கள் வீட்டிலும் இதேதான் என்றாள் ஒருத்தி. இங்கிலீஷ் மருந்தெல்லாம் விஷம் என்று எழுதினார் இன்னொருவர். போன மாசம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் அவர்.

உங்களில் பாதிப் பேருக்கு எனக்கு இடது காது கேட்காது என்று தெரியும். மீதிப் பேர் அதை மறந்துவிட்டு என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். திருப்பதியில் நாம் எல்லாரும் கூடினபோது என் இடது பக்கம் உட்கார்ந்து பேசியவருக்கு நான் பதிலே சொல்லவில்லையாம். அது திமிர் இல்லை ஐயா, அது நீங்கள் கைதட்டிய அந்த இரண்டு சொட்டு. காது போனதுகூடப் பெரிதில்லை. அதை வைத்து என் அம்மாவின் தலையில் ஒரு பழியைக் கட்டினார்கள், அவள் அதைச் சுமந்துகொண்டே போய்ச் சேர்ந்தாள். எனக்கு எரிவது அதுதான். ஆகவே இன்று நான் எழுதுவதை முழுக்கப் படியுங்கள், படித்துவிட்டுக் கும்பிடு போடாதீர்கள்.

நகரியில் நெசவாளர் தெருவில் எங்கள் வீடு இருந்தது. முன்கூடத்தில் நைனாவின் பவர்லூம் தறிகள் ஓடும். விடிந்ததிலிருந்து கரண்ட் போகும் வரை ஒரே இடி. அந்தத் தெருவில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை; சீமந்தச் செய்தியும் கத்தித்தான், சாவுச் செய்தியும் கத்தித்தான். பஞ்சுத் தூசி சோற்றில் கிடக்கும், தண்ணீர்ப் பானையில் மிதக்கும், தூங்கி எழுந்தால் கண்ணிமையில் ஒட்டியிருக்கும். எனக்கு வருஷம் பூராவும் மூக்கு ஒழுகியது. இப்போது நினைத்தால் ஆத்திரமாக இருக்கிறது, வீட்டில் ஒருவர்கூட அந்தப் பஞ்சைக் குற்றம் சொன்னதில்லை. அது சோறு போடுகிறதே, எப்படிச் சொல்வார்கள்? குற்றமெல்லாம் தயிர்மேலும் வாழைப்பழத்தின்மேலும் அம்மா என் தலைக்கு ஊற்றிய தண்ணீர்மேலும் விழுந்தது.

குற்றம் சாட்டும் வேலை அத்தையுடையது. அத்தை என்றால் நைனாவின் அக்கா. பாலசமுத்திரத்தில் கட்டிக் கொடுத்து, அங்கே ஒத்துவராமல் திரும்பி வந்துவிட்டவள். வீட்டுச் சாவி, அடுப்பு, வைத்தியம் மூன்றும் அவள் கையில் இருந்தன. அம்மாவுக்கு ஊர் அரக்கோணத்துப் பக்கம். கட்டிக்கொண்டு வந்து பத்து வருஷமாகியும் அவளுக்குத் தெலுங்கு வரவில்லை. வா என்பதற்கு ரா, போ, எவ்வளவு என்பதற்கு எந்த, அதோடு நின்றுவிட்டது. தறிச் சத்தத்தில் வீட்டை விட்டு வெளியே போகாதவளுக்கு யார் கற்றுக் கொடுப்பார்கள்? அத்தையோ சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுவாள், குழாயடியில் தெலுங்கில் சண்டை போடுவாள், தூக்கத்தில்கூடத் தெலுங்கில்தான் திட்டுவாள்.

நான் தும்மினால் போதும், அத்தை எங்கிருந்தாலும் வந்துவிடுவாள்.

"இன்னா துன்னுச்சு புள்ள? தயிர் ஊத்தினியா?"

"இல்ல அண்ணி, ரசந்தான் ஊத்தினேன்" என்பாள் அம்மா.

"பொய் சொல்லாத. புள்ள மூக்கு சொல்லுது பாரு. உங்க ஊரு தண்ணி உடம்பு, அதான் எப்பப் பாத்தாலும் ஒழுகிக்கினே கீது."

என் மூக்கு அந்த வீட்டில் சாட்சிக் கூண்டு. அது ஒழுகினால் அம்மா குற்றவாளி, நின்றால் அத்தை கைராசிக்காரி. சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்று நாம் எல்லாரும் கேலி பேசியிருக்கிறோம். அந்த ஏழாம் நாளை அத்தை ஒவ்வொரு முறையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

நியாயமாகவும் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு என்னைப் பிடித்துக்கொள்வீர்கள். மிளகு ரசம் நல்லது. ரசத்தோடு எனக்குச் சண்டை இல்லை. தொண்டை கரகரத்தால் இன்றைக்கும் சுக்குத் தண்ணீர்தான் குடிக்கிறேன். நொச்சித் தழை போட்டு ஆவி பிடித்தால் மூக்கு விடும், அதுவும் சரி. ஆனால் அத்தை ஆவி பிடிக்க வைப்பதை நீங்கள் பார்த்ததில்லை. அடி நசுங்கிய ஒரு பித்தளைக் குண்டான். அதன்மேல் என்னைக் குனிய வைத்து, கம்பளியைப் போர்த்தி, கம்பளியின் நான்கு பக்கமும் தன் காலால் மிதித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே நான் கதறினால், "கத்து, கத்து, கத்துனாதான் சளி வரும்" என்பாள். மஞ்சள் கொம்பைச் சுட்டு அந்தப் புகையை மூக்கில் காட்டுவாள். நான் இருமினால் சளி கரைகிறது என்று அர்த்தம், இருமாவிட்டால் இன்னும் காட்ட வேண்டும் என்று அர்த்தம். அந்தக் கருகின மஞ்சள் வாசனை இன்றைக்கு யார் வீட்டில் வந்தாலும் நான் வாசலோடு திரும்பிவிடுவேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை கார்த்திகை முடிந்தும் விடவில்லை. எனக்கு எட்டு வயது. சளி வந்தது, போகவில்லை. அத்தை தன் சாமான்கள் அத்தனையையும் எடுத்துக் கடை பரப்பினாள். திருமலையில் நைனா எனக்கு வாங்கிவந்த சிவப்பு மஃப்ளர் ஒன்று இருந்தது, ஓரத்தில் குஞ்சம் வைத்தது, எனக்கு உயிர். அதை எடுத்து என் தலையைச் சுற்றிக் கட்டினாள். கட்டுவதற்குமுன் தறியடியில் கிடந்த பஞ்சைத் திரட்டி இரண்டு காதிலும் அடைத்தாள். காற்று போனால் சளி ஏறுமாம். எந்தப் பஞ்சு என்னை வருஷமெல்லாம் தும்ம வைத்ததோ அதே பஞ்சு.

அப்புறம் இடது காது வலிக்க ஆரம்பித்தது. உள்ளே ஒரு தறியைப் போட்டு ஓட்டினதுபோல் இடித்தது. காய்ச்சல் அடித்தது. சோற்றை மென்றால் வலி, எச்சில் விழுங்கினால் வலி. அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு அன்றைக்கு முதல் தடவையாக அத்தையை எதிர்த்துப் பேசினாள்.

"அண்ணி, புள்ளைய டாக்டர்கிட்ட காட்டிடலாம். காது வலி தாங்கல அதுக்கு."

"சளி காதுல ஏறிக்கினு கீது. பூண்டெண்ண உட்டா எறங்கிடும். டாக்டர்கிட்ட போயி இன்னா பண்ணப் போற? ஊசி போட்டு நரம்ப இசுத்து உட்டுடுவான்."

"எண்ண வாணாம் அண்ணி. காட்டிட்டு வந்துடறேன்."

"அப்ப எனக்கு இன்னா தெரியும்னு சொல்ற?"

விவகாரம் நைனாவிடம் போனது. நைனா இழை அறுந்த தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டபடி இருவரையும் கேட்டார், கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் இட்டுகினு போயி காட்டிட்டு வாங்க, போங்க" என்றார். நைனா தீர்ப்புச் சொல்லும் விதமே அதுதான். யாருக்கும் கோபம் வராமல், எல்லாருக்கும் கெடுதல் வரும்படி சொல்வார். அத்தைக்குத் தெலுங்கு தெரியும், துணைக்கு இருக்கட்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுத் தறியை ஓட விட்டார், பேச்சு முடிந்துவிட்டது.

புத்தூரில் ஒரு டாக்டர் புதிதாக வந்திருந்தார். கிருஷ்ணா ஆற்றங்கரைப் பக்கத்துக்காரர், இளவயது, தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நம் பக்கத்து டாக்டர்கள் எல்லாரும் அரைகுறையாகவாவது தமிழ் பேசுவார்கள், இவர் வந்து சில வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போதே அத்தை என் வாயில் ஓர் அதிமதுரத் துண்டை வைத்தாள். "கரையற வரிக்கும் வாயத் தொறக்காத. துப்பினா பல்ல ஒடச்சிடுவேன்" என்றாள். காதில் பஞ்சு, தலையில் மஃப்ளர், வாயில் அதிமதுரம். எனக்குத் தெருத் தெலுங்கு தண்ணீராய் வரும், கோலி ஆடிக் கற்றது. அன்றைக்கு அது எதற்கும் உதவவில்லை. வலது காதுப் பஞ்சு மட்டும் பஸ் குலுக்கலில் நழுவிப் போயிருந்தது. அதனால் நடந்ததெல்லாம் எனக்குக் கேட்டது.

"ஏமைந்தம்மா பாபகி?" என்றார் டாக்டர். குழந்தைக்கு என்ன என்று கேட்கிறார்.

"சளிங்க சார். ஜுரம்" என்றாள் அம்மா.

இங்கேதான் கவனிக்க வேண்டும். தெலுங்கில் சளிக்கு ஜலுபு என்று பெயர். சலி என்று அவர்கள் சொன்னால் அது குளிர்; சலி ஜ்வரம் என்றால் குளிர் காய்ச்சல், மலேரியா. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சலி ஜ்வரமா? வணுகுதோந்தா?" உடம்பு நடுங்குகிறதா என்று கேட்டார்.

அம்மாவுக்கு அது விளங்கவில்லை. வந்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில், மஃப்ளரின்மேல் கையை வைத்து, "காது சார், காது" என்றாள். டாக்டர் பார்வைக்கு அவள் பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுக்கிறாள். காதில் விழுந்ததோ வேறு. உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, தெலுங்கில் காது என்றால் இல்லை, அது அல்ல என்று பொருள்.

"காதா? மரி சலி அன்னாவு?" இல்லையா, அப்புறம் எதற்குச் சலி என்றாய் என்கிறார்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. காதா என்று அவரே கேட்டுவிட்டாரே, புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். "ஆமாங்க சார், காதுதான்! காதுதான் சார்!" என்றாள்.

"அவுனா, காதா? ஏதோ ஒகட்டி செப்பம்மா!" ஆமாவா இல்லையா, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலை என்று எரிந்து விழுந்தார்.

"காது, காது, காது" என்று மூன்று முறை சொன்னாள் என் அம்மா.

"சரே, காது" என்று முடித்துவிட்டார் அவர். மலேரியா இல்லை. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், நெஞ்சு சுத்தமாக இருந்தது. பிறகு, இந்த அம்மாளிடம் பேசி ஆகாது என்று, பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்துத் தெலுங்கு வருமா என்று கேட்டார். வரும் என்று தலையாட்டினாள் அத்தை.

"இங்கெக்கடைனா நொப்பி உந்தா?" வேறு எங்காவது வலி இருக்கிறதா என்று கேட்டார்.

அத்தை புடவைத் தலைப்பைத் தோளில் சரிசெய்துகொண்டு மரியாதையாகச் சொன்னாள்: "லேதண்டி."

இல்லைங்க.

அம்மா அத்தையைத் திரும்பிப் பார்த்து நன்றியோடு சிரித்தாள். தனக்காக அண்ணி தெலுங்கில் எடுத்துச் சொல்கிறாள் என்று நினைத்த சிரிப்பு. அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு மறக்கமாட்டேன் என்கிறது.

"உத்த ஜலுபே" என்றார் டாக்டர். வெறும் சளிதான், காய்ச்சலுக்கு மாத்திரை தருகிறேன், வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுங்கள். கஷாயம் என்ற சொல் மட்டும் இரண்டு மொழிக்கும் பொது. அது அம்மாவுக்கும் புரிந்தது. அவள் முகம் விழுந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"காதுக்கு ஒண்ணும் சொல்லலியா அண்ணி?"

"இன்னாத்த சொல்றது? எல்லாம் சளிதான், கஷாயம் குடுன்னாரு. நான் சொன்னதேதான அவரும் சொன்னாரு? பஸ் சார்ஜ் தண்டம்."

அன்று சாயங்காலம் அத்தை கரண்டியை அடுப்பில் வைத்தாள். டாக்டரே சொன்ன பிறகு அம்மா எந்த முகத்தோடு தடுப்பாள்? மஃப்ளரை அவிழ்த்தார்கள். என் தலையை அத்தை தன் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். பஞ்சை எடுத்தபோது அது மஞ்சளாக நனைந்திருந்தது. உள்ளே சவ்வு கிழிந்து சீழ் வந்துகொண்டிருந்தது என்பது இன்றைக்கு ஒரு நர்ஸம்மாவுக்கு வாசனையிலேயே தெரியும். "பாத்தியா, சளி எறங்க ஆரம்பிச்சிருச்சி" என்றாள் அத்தை. வீடியோவில் காட்டுகிறார்களே அதே சலசலப்பு, அதே பூண்டு வாசனை, அதே இரண்டு சொட்டு. இரண்டு சொட்டோடு அத்தை நிற்கவில்லை, கைராசி என்றைக்கும் தாராளமானது. எண்ணெய் உள்ளே போனபோது நான் போட்ட கூச்சலில் கூடத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த கூலிக்காரர் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். கரண்ட் இருக்கும்போது அவர் தறியை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

நான்கைந்து நாள் கழித்து அவர்தான் நைனாவிடம் சொன்னார், "முதலாளி, பாப்பாவுக்குக் காதுக்குப் பின்னால எலும்பு வீங்கிக்கினு கீது. காது முன்னால தள்ளிக்கினு நிக்குது பாருங்க. சும்மா இருக்காதீங்க." நைனா அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். வாடகைக் காரில் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டரம்மா டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, மூவரையும் பார்த்துக் கேட்டார்.

"செவிலோ ஏம் போஸாரு?" செவியில் எதை ஊற்றினீர்கள்?

அத்தை தரையைப் பார்த்தாள். நைனா அத்தையைப் பார்த்தார். அம்மா மட்டும் டாக்டரம்மாவின் வாயைப் பார்த்தபடி நின்றாள். அவள் அரக்கோணத்தில் ஐந்தாவது வரை படித்தவள். "செவின்னா... காதா? செவின்னு சொன்னா அவங்களுக்குத் தெரியுமா?" என்று நைனாவின் கையைப் பிடித்துக் கேட்டாள். "எங்க புஸ்தகத்துல கூட இருந்துச்சே. காதுக்கு செவின்னு நான் படிச்சேனே!" என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னை உள்ளே கொண்டுபோனார்கள். காதுக்குப் பின்னால் எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். உயிர் தங்கியது. காது தங்கவில்லை. ஒரு காது போனது தெருவில் யாருக்கும் முதலில் தெரியவில்லை, எல்லாரும்தான் கத்திப் பேசுகிறார்களே.

இதற்குமேல் நடந்ததில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. அத்தை இந்தக் கதையைத் தெருவுக்குச் சொன்னாள். அழுது இல்லை, சிரித்துச் சிரித்து. "டாக்டர்கிட்ட போயி காது காதுங்கறா. அவரு இல்ல இல்லன்னு நெனச்சிக்கினு அனுப்பிட்டாரு. புத்தி கெட்டவ, ஒரு வார்த்த தெலுங்கு கத்துக்கறதுக்கு இன்னா கேடு?" கல்யாண வீட்டில் சொன்னாள், வளைகாப்பில் சொன்னாள், தறிக்குப் பாவு நூல் ஓட்டும் இடத்தில் சொன்னாள். அம்மா பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள், பின்னால் சிரிப்பு கேட்கும். பள்ளிக்கூடத்தில் நீங்கள் எனக்குக் "காது லேது" என்று பட்டப் பெயர் வைத்தீர்களே, அந்தப் பெயரின் ஊற்று அதுதான். உங்களில் யார் அதைச் சத்தமாகக் கூப்பிட்டார் என்பது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு காது மட்டும்தான் கெட்டது.

அம்மா என் தெலுங்குப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, முப்பது வயதுக்குமேல் அ, ஆ எழுதிப் பழகினாள். யாராவது பேசினால் வாயை மூடிக்கொண்டு கேட்பாள். தெலுங்கு வந்தது, ஆனால் பேச்சு நின்றுபோனது. எனக்குக் காய்ச்சல் வந்த போதெல்லாம், கல்யாணமாகி எனக்கே பிள்ளை பிறந்த பிறகும்கூட, "ஒரு வார்த்த சொல்லத் தெரியாம உன் காதக் கெடுத்துட்டேன்" என்பாள். நான் வேண்டாம் என்றாலும் விடமாட்டாள்.

அத்தையின் அந்த "லேதண்டி" அவ்வளவு வருஷமும் எனக்குள் எங்கோதான் கிடந்திருக்கிறது, எட்டு வயதில் அதற்குப் பொருள் தெரிந்திருந்தும் அதன் கனம் தெரியவில்லை. என் மகளுக்குக் காய்ச்சல் வந்து திருப்பதியில் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் சாதாரணமாகக் கேட்டார், "இங்கெக்கடைனா நொப்பி உந்தா?" நான் சாதாரணமாகச் சொன்னேன், "லேதண்டி." சொன்ன வாய் மூடவில்லை. பிள்ளைக்குக் காது வலி என்று வீட்டில் நாள் முழுக்கக் கேட்டவள், இரண்டு மொழியும் தெரிந்தவள், அத்தை, நேராகக் கேட்ட கேள்விக்கு இல்லை என்று சொன்னாள். சொல் மாறிப்போனது அம்மாவின் தப்பில்லை. அந்த அறையில் அதைத் திருத்தக்கூடிய ஒரே ஆள் அதைத் திருத்தவில்லை. அவள் என்னைக் கெடுக்க நினைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பூண்டெண்ணெயில் சரியாகிவிடும் என்று மனசார நம்பினாள். டாக்டரின் சொட்டு மருந்தில் சரியாகிவிடக் கூடாது என்பதுதான் அவளுக்கு முக்கியம். ஜெயிக்க நினைத்தாள், அவ்வளவுதான். அதற்கு என் காது செலவாயிற்று.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை. "உடு. அது வாய மூடிக்கினு இருந்துச்சி. வாயத் தொறந்து கெடுத்தவ நான்தான" என்றாள். வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை அம்மா, வாயைத் திறந்து லேதண்டி என்று சொன்னாள் என்றேன். அம்மா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. அவளைத் தூக்கின அன்றைக்குக்கூடத் திண்ணையில் சாய்ந்திருந்த ஒரு கிழவி, "பாவம், அந்தக் காது விஷயத்துல ஏமாந்துட்டா" என்று பெருமூச்சு விட்டாள். வீட்டுச் சாமான்களைப் பிரித்தபோது அந்த இரும்புக் கரண்டியை நான் கேட்டு வாங்கினேன். பாசம் என்று நினைத்தார்கள். தெருமுனையில் எடைக்குப் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் மக் வாங்கிக்கொண்டேன். கழிவறையில் இருக்கிறது.

அத்தை இருக்கிறாள். நகரியில் என் தம்பி வீட்டில், எண்பதைத் தாண்டி, தடியூன்றி நடக்கிறாள். போன மாசம் பனியில் அவளுக்குச் சளி பிடித்து நெஞ்சில் கட்டிக்கொண்டது என்றார்கள். போய்ப் பார்த்தேன். தம்பி பெண்டாட்டி துளசியும் மிளகும் தட்டிப்போட்ட கஷாயத்தை ஆற்றிக்கொண்டுவந்து நீட்டினாள். அத்தை தம்ளரைத் தள்ளிவிட்டாள்.

"இத வெச்சி இன்னா பண்றது? டாக்டர இட்டாரச் சொல்லு. ஊசி போட்டாதான் கேக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன், மறைக்கவில்லை. தம்பி பெண்டாட்டி என்ன செய்வதென்று தெரியாமல் தம்ளரோடு உள்ளே போனாள். அத்தை என் இடது பக்கம் சாய்ந்து வாயை அசைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பதுகூட அவளுக்கு இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு வலது காதைக் காட்டினேன்.

வயதாகிவிட்டால் நம் பக்கத்துக்காரர்களுக்கு இரண்டு மொழியும் ஒன்றோடொன்று குழைந்துவிடும். அத்தைக்கும் அப்படித்தான். மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள்.

"உன்ன எத்தினி வாட்டி நான் பாத்துக்கினேன். ஆவி புடிச்சி, கஷாயம் போட்டு... நான் செஞ்சதெல்லாம் உன் மஞ்சிக்குத்தானேடி? சொல்லு."

மஞ்சி என்றால் நல்லது. எல்லாம் உன் நல்லதுக்குத்தானே என்கிறாள். கட்டிலில் கிடக்கிற கிழவியிடம் ஆமாம் அத்தை என்று சொல்லிவிட்டு வருவதுதான் முறை. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள், கும்பிடு போடும் கையோடு.

நான் குனிந்து, அவள் காதருகே வாயை வைத்து, அம்மா மூன்று முறை சொன்னதை ஒரே ஒரு முறை சொன்னேன்.

"காது."

எந்த மொழியில் சொன்னேன் என்று அத்தை கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத்தான் இரண்டு மொழியும் நன்றாகத் தெரியுமே.